அரைக் கிலோ ஆணி

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு பெண்குரல். வயதான குரல், ஆனால் தடுமாற்றமில்லாத குரல்.

"நான் உன் அக்கா பேசறேன்."

"தப்பான நம்பர்ங்க. எனக்கு அக்காவே கிடையாது."

"அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தராசு இன்ஸ்பெக்டர்தானே நீ? நாலு வருஷம் முன்னாடி ரிடையர் ஆனவன்?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.  எதிராளியைப் பேசவிட்டுக் கேட்பது முப்பத்து நான்கு வருட சர்வீஸில் வந்த பழக்கம்.

"வியாபாரிகள் சங்க மலர்ல உன் வழியனுப்பு விழா போட்டோ வந்திருந்தது. பழைய பேப்பரோட பேப்பரா என் கடைக்கு வந்து சேர்ந்தது. பொட்டலம் கட்ட எடுத்தவ அப்படியே உக்காந்துட்டேன். எங்கப்பாவுக்கு யாரோ கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. சங்கத்துல கேட்டு நம்பர் வாங்கினேன்."

"சரி. உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இருக்கியான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. பஸ் டிப்போ பின்னாடி ஆணிக்கடை. என்னோட கடை. வெச்சுடறேன்."

'என்னோட' என்ற சொல்லை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னதுபோல் இருந்தது. அதைவிட அவரை உறுத்தியது 'ஒண்ணும் வேணாம்'. சர்வீஸில் 'ஒண்ணும் இல்ல சார்' என்று எவன் சொன்னானோ, அவன் கடையில்தான் தட்டுக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருக்கும்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். வியாபாரிகள் வைத்த பட்டப்பெயர் 'எடைக்கல்'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் போதும், 'எடைக்கல் உருண்டு வருது' என்று கடைக்குக் கடை சேதி பறக்கும். அதனால் அவர் சோதனைக் கொள்முதல் முறைக்கு மாறினார். சாதாரண ஆள் மாதிரி கசங்கிய சட்டையில் போவார், அரைக் கிலோ ஏதாவது வாங்குவார், மறைவில் நின்று தன் பைக்குள் இருக்கும் தராசில் நிறுத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் அடையாள அட்டையை வெளியே எடுப்பார்.

அவர் வளர்ப்புப் பிள்ளை. அது அவருக்கு இருபத்து நாலு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் தெரிந்தது. தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா சமையலறை மேசையில் அவரை உட்கார வைத்து, "உன்னைப் பெத்தது நாங்க இல்லப்பா. பதினோரு நாள் குழந்தையா வாங்கிக்கிட்டோம். உத்தியோகத்துக்கு வந்துட்ட, இனிமேலும் மறைக்கறது தப்பு" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். கொதித்து வழிந்த பாலை இறக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இரண்டு முகங்களும் உடைந்துபோயிருக்கும்.

மறுநாள் ஒரு கடையில், தராசுத் தட்டின் அடியில் காசு அளவுக் காந்தம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரோடு வந்த மூத்த அதிகாரிகள் மூன்று வருடமாகத் தவறவிட்ட காந்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தான் பிறந்து வளர்ந்ததாக நம்பிய வீட்டிலேயே இத்தனை வருடம் இப்படி ஒன்று அடியில் ஒட்டியிருந்ததென்றால், வெளியே எதை நம்புவது? அன்றிலிருந்து அவர் எதையும் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை. பாசத்தைக்கூட.

அப்பா அம்மாவை அவர் கடைசிவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் போன பிறகு பீரோவைக் கவிழ்த்துத் தேடினார். ஒரு துண்டுச் சீட்டுகூட அகப்படவில்லை.

இந்தத் தொலைபேசி அழைப்புக்கு மூன்று வாரம் முன்புதான் அவர் டாக்டரிடம் போயிருந்தார். டம்ளரைத் தூக்கினால் வலது கை நடுங்கியது. பேனா பிடித்தால் எழுத்து கிறுக்கலானது. ஒரு குண்டுமணி எடையைக்கூடப் பிசகாமல் வைத்த கை. டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். பிறகு கேட்டார்.

"வீட்ல அப்பா, கூடப் பிறந்தவங்க, யாருக்காவது இப்படிக் கை நடுக்கம் உண்டா?"

"அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு டாக்டர்."

"நான் நடுக்கத்தைக் கேட்டேன்."

"இல்ல."

"குடும்பத்துல ஓடற நடுக்கமா இருந்தா அவ்வளவா பயப்பட வேண்டியதில்ல. மெதுவாத்தான் போகும். அப்படி இல்லன்னா இது வேற வியாதியோட ஆரம்பமாவும் இருக்கலாம். எதுக்கும் கொஞ்சம் பெரிய டெஸ்ட் எடுத்துப் பாத்துடுவோம். அடுத்த மாசம் வாங்க."

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டயுமா பொய்?"

"எது பொய்?"

"மாமாவுக்குச் சர்க்கரைன்னா உங்களுக்கு எப்படிங்க வரும்? முப்பது வருஷமா டீல சர்க்கரை போடாம குடிக்கறீங்க. இத்தனை நாள் நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு அது தெரியாததில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரிப் படிவத்திலும் 'தந்தைக்கு இருந்த நோய்கள்' என்ற கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனம் வந்ததே இல்லை. காலியாக விட்டால் அப்பாவை மறுத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே சர்க்கரை என்று எழுதினார். எழுதி எழுதி, தானே அதை நம்பிச் சர்க்கரையையும் விட்டார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மகன் தன் தகப்பனை விட்டுக்கொடுக்காமல் இருக்க இதைவிட வேறென்ன செய்வான்?

ஆனால் இப்போது கேள்வி சர்க்கரை இல்லை. இந்த நடுக்கம் யாருடையது? இது தெரிந்தால், இன்னும் இருபது வருடம் பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமா, அல்லது இரண்டு மூன்று வருடத்தில் படுக்கையில் விழுந்து மனைவிக்குப் பாரமாகப் போகிறோமா என்பது தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தன் ரத்தம் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கிழவியின் கையைப் பார்ப்பது.

"நேராப் போயி கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு? அக்கான்னு ஒத்துக்கிட்டாதானே கேக்க முடியும்? ஒத்துக்கிட்டா அடுத்தது என்ன வரும்னு யாருக்குத் தெரியும். வீட்டுல பங்கு கேக்கலாம். கிட்னி கேக்கலாம்."

"உங்க கிட்னிய யாரு கேப்பா? முப்பது வருஷம் கசப்பு டீயில ஊறின கிட்னி."

"சிரிக்காத. அவ மச்சம், தழும்பு எதையும் சொல்லல, கவனிச்சியா? மோசடிக்காரியா இருந்தா முதல்ல மச்சத்தைத்தான் சொல்லுவா."

"அப்ப நல்லவங்கதானே?"

"அப்படி நான் நினைக்கணும்னுதான் சொல்லாம விட்டாளோ என்னவோ."

மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் கசங்கிய சட்டை ஒன்றைத் தேடி எடுத்தார்.

பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டியிருந்த அந்தக் கடை ஒரு பஸ்ஸின் நீளம், பாதி அகலம். இரண்டு பக்கமும் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் முகத்திலும் உள்ளே இருக்கும் ஆணியோ திருகோ ஒன்று கம்பியால் கட்டப்பட்டிருந்தது. இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. கல்லாவுக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் அவள். எழுபது தாண்டிய வயது, ஒட்டிய கன்னம், மூக்கின் நுனியில் கண்ணாடி. அவளுடைய முகத்தில் தன் முகம் இருக்கிறதா என்று தேடினார். கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம், ஆனாலும் அந்த நேரத்தில் தன் முகம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"என்ன வேணும் சார்?"

"அரைக் கிலோ ஆணி."

"எத்தனை இஞ்சு?"

"ரெண்டு."

அவள் நீள்பிடிக் கரண்டியால் அள்ளி, எலக்ட்ரானிக் தராசில் போட்டாள். இடது கையால். வலது கை கல்லா மேசைக்குக் கீழேயே இருந்தது. நீட்டிய நோட்டையும் இடது கையால் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்பியும் பார்த்த பிறகுதான் பெட்டியில் போட்டாள்.

வலது கையை ஏன் மறைக்கிறாள்? வீட்டுக்கு வந்து ஆணியை நிறுத்துப் பார்த்தார். சரியாக ஐந்நூறு கிராம். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனார். இந்த முறை நன்றாக யோசித்திருந்தார்: சின்ன வாஷர்கள். கரண்டியால் அள்ள முடியாது, விரலால்தான் பொறுக்க வேண்டும். அவள் டப்பாவை இடது கையால் அவர் பக்கம் தள்ளி, "நீங்களே பொறுக்கிக்குங்க சார். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றாள். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவளுக்குக் கண் தெரியாதாம். அவர் பொறுக்கினார். வாஷர் ஒன்று விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் அதைப் பார்த்தாள்.

மூன்றாம் முறை திங்கட்கிழமை. கான்கிரீட் ஆணி கால் கிலோ கேட்டார். அவள் எடை போட்டுவிட்டு, பொட்டலத்தைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு வாங்கினது மரத்துக்கு அடிக்கற ஆணி. இது சுவருக்கு. நடுவுல வாஷர். என்ன வேலை சார் வீட்ல?"

"அலமாரி."

"மரத்துலயா, சுவருலயா?"

"ரெண்டுலயும்."

"ஆசாரி யாரு?"

"நான்தான்."

"கை பாத்தா அப்படித் தெரியலையே. சரி, முத்திரை பாத்தாச்சா? அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மூன்று முறையும், பொட்டலம் வாங்குவதற்கு முன் அவர் தன்னை அறியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இடுப்பை வளைத்து, தராசின் பக்கவாட்டில் இருக்கும் முத்திரையைப் பார்த்திருந்தார். முப்பத்து நான்கு வருடம் கசங்கிய சட்டையில் மறைந்து திரிந்த மனிதரை அவருடைய சொந்த இடுப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

"கடைக்கு எத்தனையோ பேர் வர்றாங்க" என்றாள் அவள். "எடை சரியான்னு முறைச்சுப் பாப்பாங்க. முத்திரைக்குக் குனியற ஆளு ஒருத்தர்தான். முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. எதுக்கு வர்றன்னு பாக்கத்தான் சும்மா இருந்தேன்."

அவள் எழுந்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். கடைக்குள் வெளிச்சம் முழங்கால் உயரத்துக்குச் சுருங்கியது.

"இப்ப சொல்லு. கடையில பங்கா?"

"என்னது?"

"எங்கப்பா தலைச்சுமையா ஆணி வித்து வாங்கின இடம். பேப்பர் அவர் பேருலதான் இருக்கு. நீ பிள்ளைன்னு வந்து நின்னா வக்கீல் என்ன சொல்லுவானோ. ஏரியா பாத்த, எடை பாத்த, பொருள் பாத்த. வேற எதுக்கு மூணு தடவை?"

"நீங்கதானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடாம இருக்க முடியல. ரெண்டு மாசம் அந்த போட்டோவ பெட்டிக்கு அடியில வெச்சு வெச்சுப் பாத்தேன். கூப்பிட்டா பங்கு கேப்பான். கூப்பிடலன்னா செத்துருவேன், இல்ல நீ செத்துருவ. அதான் கூப்பிட்டு உடனே வெச்சுட்டேன்."

"நான் நீங்க கிட்னி கேப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள், அவமானப்பட்டவள் போல.

அதற்கு மேல் அவருக்கு நடிக்கத் தெம்பில்லை.

"எனக்கு உங்க கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க வலது கையைப் பாக்கணும். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"முதல்ல காட்டுங்க."

"காரணம் சொல்லாம காட்டமாட்டேன்."

அவர் மேசை மேல் இருந்த பிளாஸ்க்கிலிருந்து மூடியில் கொஞ்சம் டீ ஊற்றினார். மூடியை வலது கையால் தூக்கிப் பிடித்தார். டீ தளும்பியது. விளிம்பைத் தாண்டி அவர் மணிக்கட்டில் வழிந்து, கசங்கிய சட்டையின் கைக்குள் இறங்கியது. சூடாக இருந்தது. அவர் கீழே வைக்கவில்லை.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல, இத்தனை நாள் மேசைக்குக் கீழே ஒளித்துவைத்த வலது கையை எடுத்து, மூடியைப் பிடித்திருந்த அவர் விரல்களைச் சுற்றிப் பிடித்தாள். நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு மடங்காகியது. இரண்டு கையும் சேர்ந்து நடுங்கியதில் மிச்சமிருந்த டீயும் ஆணிகளின் மேல் கொட்டியது. அந்தக் கைகள் ஒரே தாளத்தில் நடுங்கின. அறுபத்திரண்டு வருடத்தில் தன் உடம்பு இன்னொரு உடம்போடு ஒத்துப்போவதை அவர் பார்த்தது, தன் மகள் பிறந்தபோது ஒருமுறை. அடுத்தது இன்றைக்கு.

"மறைச்சு வெச்சுத்தான் வியாபாரம் பண்றேன்" என்றாள் அவள். "கை நடுங்கினா தராசு நடுங்குதுன்னு நினைப்பாங்க ஜனங்க. இடது கை பரவாயில்ல."

"எப்பலேர்ந்து?"

"அறுபது வயசுலேர்ந்து. அப்பாவுக்கு அம்பத்தஞ்சுலயே வந்துருச்சு. எண்பத்தஞ்சு வரைக்கும் இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. சாப்பிடறதுதான் கரண்டியால. சட்டைப் பொத்தான் போட நான் வரணும், நான் போட்டா கோணல்னு திட்டுவாரு. அது ஆளைக் கொல்லாது. கோவக்காரனாக்கும், அவ்வளவுதான்."

எண்பத்தஞ்சு. அவர் மனசுக்குள் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஆணி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"சர்க்கரை?"

"யாருக்கு? நம்ம வம்சத்துல யாருக்கும் கிடையாது. ஏன்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்குக் கேட்ட?" என்று அவள் உடனே சந்தேகப்பட்டாள். அந்தக் கேள்வியின் குரலில், அவர் கொஞ்ச நேரத்துக்கு முன் தேடித் தேடிக் கிடைக்காத தன் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது. முப்பத்தெட்டு வருடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"என்னை ஏன் கொடுத்தீங்க?"

"அம்மா உன்னைப் பெத்த ஆறாம் நாள் போயிட்டா. அப்பா காலையில சுமை எடுத்துட்டுப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு. எனக்கு ஒம்பது வயசு. உனக்குப் பாலை எப்படிக் கொடுக்கறதுன்னு தெரியாம வாயில ஊத்தி, ரெண்டு தடவை நீ மூச்சு அடங்கிப்போயிட்ட. தபால்காரர் ஒருத்தரு சொன்னாரு, அவரு ஆபீஸ்ல குமாஸ்தாவுக்குப் பிள்ளை இல்லன்னு." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நான்தான் தூக்கிட்டுப் போனேன். அப்பா கொஞ்சம் பின்னாடி தள்ளியே வந்தாரு. மனசு மாறினா திரும்பிடலாம்னு. மாறல. நான் நேரா அவங்க சமையல்கட்டுக்குள்ள போயி, பால் பவுடர் டப்பாவைத் திறந்து பாத்தேன். நிறைய இருக்கா, வெறும் டப்பாவான்னு. அந்தம்மா என்னைத் திட்டல. ரெண்டாவது டப்பாவையும் எடுத்துத் திறந்து காட்டுனாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்பைப் பார்த்தபடி நின்ற அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

"அதுக்கப்புறமும் எனக்கு நம்பிக்கை வரல. வாரம் ஒரு நாள் எதிர்த்தாப்புல போயி நிப்பேன். அழுகைச் சத்தம் வருதா, துணி காயுதா, உன் சட்டை பெருசாகுதான்னு. ஒரு வருஷம். அப்புறம் ஒரு நாள் போனா வீடு பூட்டியிருந்தது. மாத்தலாகிப் போயிட்டாங்களாம். துணி இல்லாத அந்தக் கொடியைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். வாய் வரை வந்துவிட்டது அந்தச் சொல். "அக்…"

"இரு" என்றாள் அவள், நடுங்கும் கையைத் தூக்கி. "அவசரப்படாத. கை நடுக்கம் ஊர்ல ஆயிரம் பேருக்கு இருக்கு. போட்டோல முகமும் ஏமாத்தும். உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. அவங்ககிட்ட நான் தனியா விசாரிக்கணும்."

"நானும் உங்க அப்பா போட்டோவைப் பாக்காம எதையும் ஒத்துக்கமாட்டேன்."

"பாரு. யாரு வேணாம்னா?"

அப்போது பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அந்தத் தெருவில் குழாய் வேலை பார்க்கிற பிளம்பர், பல வருட வாடிக்கை.

"என்னக்கா, பட்டப்பகல்ல ஷட்டர்? ஒன்றரை இஞ்சு ஆணி கால் கிலோ அவசரமா வேணும்."

அவள் கண் துடைக்கத் திரும்பிக்கொண்டதால், எழுந்து எடை போட்டது அவர்தான். கரண்டியால் அள்ளினார். எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். கை நடுங்கி இரண்டு ஆணிகள் கூடுதலாக விழ, அந்த இரண்டையும் எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டார். பிளம்பர் அதை வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்கா இவரு? ரெண்டு ஆணியைக்கூட விடமாட்டேங்கறாரு. சொந்தமா?"

"விசாரிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

"நானும்தான்" என்றார் அவர், பொட்டலத்தைக் கட்டியபடியே.